கோறை விழுந்த மருது

அன்புடையீர்,

தம்பலகாமத்தில் எங்கள் வயலோரம், கந்தளாய்க் குளத்து நீர் வரும் வாய்க்கால் கரையில் ஒரு மருதமரம் நிற்கிறது. அப்பப்பா காலத்து மரம். நடுமரம் கோறை விழுந்து, உள்ளே பொந்தாகிவிட்டது. பலகைக்கு உதவாது, நிழல் விழுந்து வெள்ளாமையும் குறைகிறது. தறித்துவிட்டுப் பத்து மருதங்கன்றுகள் நடலாம் என்கிறார் அண்ணன். ஒன்றுக்குப் பத்து லாபம்தானே?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கன்றுகளைத் தாராளமாக நடுங்கள். அந்த மரத்தைத் தறிக்காதீர்கள்.

பத்துக் கன்றும் 25 மீற்றர் உயரத்துக்கு வளர்ந்தாலும் அவற்றில் ஒரு பொந்து இருக்காது. கொப்பு முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பூஞ்சணம் பிடித்து, நடுவைரம் உளுத்துக் கோறையாவதற்குப் பல பதிற்றாண்டுகள் வேண்டும். அதனால் மரம் செத்துவிடுவதும் இல்லை. நீரும் உணவும் ஓடுவது பட்டையை ஒட்டிய பகுதியில்தான்.

இருவாச்சிப் பறவைக்கு அவ்வளவு பெரிய அலகு இருந்தும் மரங்கொத்திபோல் பொந்து குடையத் தெரியாது. தானாக விழுந்த கோறையைத்தான் தேடும். பெண் உள்ளே புகுந்து, தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்து, அலகு நீட்டுமளவு கீறலை மட்டும் விட்டுவைக்கும். சிறகுகளை உதிர்த்துவிட்டு அது அடைகிடக்கும் வாரங்களில் ஆண் பழம் பழமாகக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். நல்ல பொந்து கிடைத்தால் அடுத்த ஆண்டும் அங்கேயே வரும். ஆற்றங்கரைக் காடுகள் வயலும் வீதியுமாகிவிட்ட இடங்களில் இந்தப் பறவைக்கு எஞ்சியிருப்பவை இப்படித் தனித்து நிற்கும் கிழமரங்களே. அவற்றில் ஒன்று உங்கள் வரம்பில் நிற்பது பெரிய பேறு என்றே நான் நினைக்கிறேன்.

நீரோரத்தில் மீன் பிடித்துத் தின்னும் பெரிய ஆந்தையும் இத்தகைய பொந்துகளில் முட்டையிடும். தேனீ, உடும்பு, மரநாய் எல்லாவற்றுக்கும் இதுவே புகலிடம். வாய்க்கால் கரை வெள்ளத்தில் கரையாமல் இருப்பதும் அந்த வேர்களால்தான் என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

நிழல்தான் சிக்கல் என்றால், வயலுக்குள் நீளும் கீழ்க்கொப்புகளை மட்டும் அளவாகக் கழியுங்கள். பறவை கூடு வைத்திருக்கும்போது அதுவும் வேண்டாம். மருந்துக்கென்று பட்டை கேட்டு வருபவர்களைச் சுற்றிவர உரிக்க விடாதீர்கள். அப்படி உரித்தால் எவ்வளவு பெரிய மருதும் பட்டுப்போகும்.