திட்டுவதற்கு ஒரு சாதியின் பெயரா?

கேள்வி: என் மாமியாருக்கு எழுபது வயது. பால் பொங்கி வழிந்தாலும், பேரன் கதவை அறைந்து சாத்தினாலும், தொலைக்காட்சித் தொடரில் வில்லி வந்தாலும் ‘சண்டாளப் பாவி’ என்றுதான் சொல்வார். என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் விளையாட்டில் தோற்ற கோபத்தில் உடன் படிக்கும் பையனை ‘போடா சண்டாளா’ என்று திட்டிவிட்டான். அவன் அழுதுகொண்டே ஆசிரியையிடம் போயிருக்கிறான். ஆசிரியை என்னை அழைத்து, ‘அது ஒரு சாதியின் பெயர்’ என்று கண்டித்தார். என் கணவரோ, ‘அது வெறும் வசவு. அந்தப் பையன் அந்தச் சாதியும் இல்லை, பிறகென்ன?’ என்கிறார். உண்மையிலேயே அது சாதிப் பெயரா? மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, ஆசிரியை சொன்னது சரி. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் வரிசையில் சண்டாளர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இந்தச் சொல்லை மேடையிலோ வேடிக்கைப் பேச்சிலோ பயன்படுத்தக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் 2024 ஜூலையில் அறிவுறுத்தியது. அதற்கும் முன்பிருந்தே நாம் இதை விட்டிருக்க வேண்டும்.

அகராதியைப் புரட்டினால் ‘பாதகன்’ என்ற பொருளும் கிடைக்கும். உங்கள் கணவர் அதைக் காட்டி வாதிடக்கூடும். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று அவரை யோசிக்கச் சொல்லுங்கள். சூத்திரத் தந்தைக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்தவனுக்கு மனுஸ்மிருதி இந்தப் பெயரைச் சூட்டி, மனிதர்களில் கடையவன் என்று ஒதுக்கியது. அவன் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும் என்று விதித்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி பாகியான், இவர்கள் நகருக்குள் வரும்போது ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டு வருவார்கள், அந்த ஓசை கேட்டு மற்றவர்கள் விலகிப்போவார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். கொடுமைக்கு ஆளானவர்கள் அவர்கள். ‘கொடியவன்’ என்ற பழியும் அவர்கள் பெயரின் மீதே ஏறிக்கொண்டது. இந்த அநியாயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஒரு பெயரைச் சுமப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். வங்காளத்தில் இதே பெயரால் அழைக்கப்பட்ட மக்கள் நீண்டகாலம் போராடி, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘நாமசூத்திரர்’ என்று தங்களைப் பதியவைத்தார்கள். சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி.ராஜா முதலானவர்களின் முயற்சியால், 1922இல் அரசு ஆவணங்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற பழைய பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ வந்தது. இன்னொரு தலைவரான இரட்டைமலை சீனிவாசன் வேறு வழியில் போனார். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் இழிவுபடுத்தியதோ அதையே தலைப்பாக வைத்து 1893இல் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். அது அவருடைய சமூகத்தின் பெயர். அதைத் தலைநிமிர்ந்து சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அதே சொல்லை வெளியிலிருந்து ஒருவர் வசவாக வீசுவதும் இதுவும் ஒன்றல்ல.

‘அந்தப் பையன் அந்தச் சாதி இல்லையே’ என்ற வாதம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அவன் என்ன சாதி என்று உங்கள் கணவர் விசாரித்தாரா? தயவுசெய்து இனி யாரும் விசாரிக்க வேண்டாம். ஒருவனை இழிவுபடுத்த இன்னொரு சமூகத்தின் பெயரை எடுக்கும்போது, ‘நீ அவர்களைப் போன்றவன்’ என்றுதானே சொல்கிறோம்? எதிரே நிற்பவன் யாராக இருந்தாலும் அடி அந்தச் சமூகத்தின் மீது விழுகிறது. பக்கத்து பெஞ்சில் அந்தப் பெயருக்குரிய ஒரு பிள்ளை வாய் திறக்காமல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால்?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஒருவர், அந்தப் பிரிவினர் ஒருவரைப் பொதுப்பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரால் ஏசினால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் மகனிடம் ‘போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். பயந்தவன் அடுத்த முறை யாருக்கும் கேட்காத இடத்தில் திட்டுவான், அவ்வளவுதான். பாகியான் எழுதிய அந்தக் கட்டையின் கதையைச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். பிறகு அவனே போய் மன்னிப்புக் கேட்கட்டும். ‘தெரியாமல் சொன்னேன், சாதியை நினைக்கவில்லை’ என்று நீட்டி முழக்க வேண்டாம். ‘அப்படிச் சொன்னது தப்பு, இனி சொல்ல மாட்டேன்’ என்பதே போதும்.

மாமியாரிடம் நீங்கள் பேசுவதைவிட உங்கள் கணவர் பேசுவது நல்லது. மருமகள் குறை சொல்கிறாள் என்று ஆகிவிட்டால் சொல் மறைந்து சண்டை மட்டும் மிஞ்சும். பேரன் இல்லாத நேரம் பார்த்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளியில் நடந்ததை மட்டும் சொல்லட்டும். ‘உங்களால்தான்’ என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம். அவர் அறுபது ஆண்டுகளாகச் சொல்லிப் பழகியது. யார் பெயர் அது என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. விட்டுவிடச் சொல்வதும் பெரிய விஷயமில்லை: ‘சண்டாளப் பாவி’யில் முன்பாதி போனால் ‘பாவி’ தனியாகவே நிற்கும். படுபாவி, பாதகா என்று எத்தனையோ சொற்கள் அவர் கைவசம் இருக்கும். நாக்கு தவறும் நாட்களில் பேரனே ‘பாட்டி, பாவி மட்டும்’ என்று எடுத்துக்கொடுக்கலாம்.

பள்ளிக்கு உங்கள் கணவரும் உடன் வரட்டும். அவர் வீட்டில் பேசிய வாதத்தை அங்கே பேசாமல், ஆசிரியைக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பையனின் பெற்றோரைச் சந்திக்க முடியுமா என்று கேளுங்கள்.