ஆளுநராக இருந்து சுற்றுச்சூழல் முகமைக்கு: கிறிஸ்டின் விட்மன் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: நியூ ஜெர்சி ஆளுநராக இருந்த கிறிஸ்டின் டாட் விட்மன், 2001-இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவரானார். அது பதவி உயர்வுதானே?

என் பார்வையில் இல்லை. அமெரிக்க ஆளுநர் நம் ஊர் ஆளுநர் போல நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் மாதிரி. விட்மன் 1993-இல் அப்போதைய ஆளுநர் ஜிம் ஃப்ளோரியோவை மயிரிழையில் தோற்கடித்து அந்த மாநிலத்தின் முதல் பெண் ஆளுநரானார். வருமான வரியைக் குறைப்பேன் என்றார், குறைத்தும் காட்டினார். முகமைத் தலைவருக்கு அமைச்சர் அந்தஸ்து உண்டு. ஆனால் கடைசிச் சொல் வெள்ளை மாளிகையுடையது.

கேள்வி: அது அவருக்கு எப்போது உறைத்தது?

வந்த சில வாரங்களிலேயே. மின் நிலையங்களின் கார்பன் டை ஆக்சைடைக் கட்டுப்படுத்துவதாகத் தேர்தலில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் சொல்லியிருந்தார். அதை நம்பி, இத்தாலியில் நடந்த ஜி-8 (எட்டுப் பெரிய நாடுகளின் குழு) சுற்றுச்சூழல் அமைச்சர்கள் கூட்டத்தில் விட்மனும் அப்படியே பேசினார். திரும்பி வந்த சில நாட்களில், மார்ச் 13 அன்று, புஷ் அந்த வாக்குறுதியைக் கைவிட்டுக் கடிதம் எழுதிவிட்டார்.

கேள்வி: செப்டம்பர் 11 தாக்குதலில் விழுந்த நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் தூசி விஷயத்தில் அவர் செய்தது தவறா?

தவறுதான், அதிலும் பெரிய தவறு. கோபுரங்கள் விழுந்த ஒரு வாரத்தில், 2001 செப்டம்பர் 18 அன்று, நியூயார்க் மக்கள் சுவாசிக்கும் காற்று பாதுகாப்பானது என்று அறிவித்தார். கல்நாரும் சிமென்ட் தூளும் கண்ணாடி இழையும் கலந்த தூசி அது. அப்படி உறுதி கொடுக்கப் போதிய தரவு அன்று இல்லை என்று முகமையின் சொந்தத் தணிக்கை அதிகாரியே 2003-இல் எழுதினார். எச்சரிக்கை வரிகளை நீக்கி ஆறுதல் வரிகளைச் சேர்க்க வெள்ளை மாளிகை அழுத்தியதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இருந்தாலும் அறிவிப்பு அவர் பெயரில்தான் வந்தது. அதை நம்பி வீடு திரும்பியவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 2016-இல்தான் விட்மன் வருத்தம் தெரிவித்தார்.

கேள்வி: நல்லது எதுவுமே நடக்கவில்லையா?

நடந்தது. குடிநீரில் ஆர்சனிக் வரம்பை 50-இலிருந்து 10 பிபிபி-ஆக (நூறு கோடிப் பங்கில் 10 பங்கு) குறைக்கும் விதியை முதலில் நிறுத்திவைத்தார், அப்புறம் அதே ஆண்டில் ஏற்றார். டிராக்டர், புல்டோசர் டீசல் புகைக்கான கடும் விதியும் அவர் காலத்தில் முன்வைக்கப்பட்டதே.

கேள்வி: ஏன் விலகினார்?

2003-இல் குடும்பத்தைக் காரணம் சொன்னார். பழைய மின் நிலையங்களுக்கான மாசு விதிகளைத் தளர்த்தச் சொல்லித் துணை அதிபர் சேனி பிடிவாதம் பிடித்ததே காரணம் என்று பின்னர் 2007-இல் சொன்னார்.