ஐரிஷ் பேசும் கடலோர ஊர்

கேள்வி: டப்ளினில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். ஐரிஷ் மொழி பேசும் கடலோரக் கிராமம் ஒன்றுக்கும் போய்வர வழி சொல்லுங்கள். – வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அயர்லாந்து விசா தனி. டப்ளினிலிருந்து ரயிலில் கால்வே நகரம், அங்கிருந்து 424 பஸ்ஸில் நீங்கள் கேட்ட மாதிரியான கெரரோ கிராமம். திரும்பும் பஸ் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

2005 முதல் அப்பகுதி ஊர்ப்பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டுமே. கெரரோவின் ஐரிஷ் பெயரை (An Cheathrú Rua) எழுதிவைக்காவிட்டால் ஊரைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

கெரரோவின் டோலின் கடற்கரையில் மெரினா மணல் கிடையாது. காலடியில் நொறுங்குபவை சுண்ணாம்பேறிய கடற்பாசித் துண்டுகள், பார்த்தால் பவளம்தான்! வெறுங்காலில் குத்தும், செருப்பு அவசியம்.

'ஜீயா குவிச்' என்று வணக்கம் சொல்லுங்கள். 'கடவுள் உங்களோடு' என்பது பொருள். பதில் வணக்கத்தில் மேரி மாதாவும் சேர்வதால் அது நீளமாக வரும்.