வாசகர் கேள்வி: ஊருக்கொரு போலீஸா, வட்டாரத்துக்கு ஒரே படையா?

கேள்வி: அடுத்தடுத்த ஊர்கள் தனித்தனியே நடத்தும் போலீஸ் படைகளை ஒன்றாக்கினால் செலவு குறையுமா?

பதில்: குறையும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். விடுப்பு, பயிற்சி, கோர்ட் சாட்சி எல்லாம் போக ஒரு காவலர் ரோந்தில் இருப்பது சுமார் 1,700 மணி நேரம்தான். ஒரே ஒரு ரோந்து வண்டியில் இரவும் பகலும் ஒருவர் இருக்கவே ஐந்து பேருக்கு மேல் தேவை. ஆறு பேர் உள்ள படையில் இருவர் விடுப்பில் போனால் இரவு ஷிப்டுக்கு ஆள் கிடையாது. இணைப்பு இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. மிச்சமாகும் அதிகாரிகள் சம்பளம், அதிகச் சம்பளம் தரும் ஊரின் அளவுக்கு எல்லோரையும் உயர்த்துவதிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும்.

வரிச் சட்டத்தையும் முன்பே பாருங்கள். ஸ்காட்லாந்தில் 2013 ஏப்ரல் 1 அன்று 8 படைகள் ஒன்றாயின. பழைய படைகள் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிவிட்டுத் திரும்பப் பெற்றுவந்த மதிப்புக் கூட்டு வரி, புதிய படைக்கு 2018 மார்ச் வரை கிடைக்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி பவுண்டு!

கேள்வி: எந்த ஊர் எவ்வளவு கொடுப்பது?

பதில்: மக்கள்தொகையை மட்டும் வைத்தால் அமைதியான ஊர் முறுக்கிக்கொள்ளும். அழைப்புகளை மட்டும் எண்ணினால், பணத்துக்குப் பயந்து புகாரையே அமுக்கப் பார்ப்பார்கள், அது ஆபத்து. இரண்டையும் கலந்து, மூன்றாண்டுச் சராசரி எடுங்கள். விலகும் ஊர் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், வண்டிகள் யாருக்கு, ஓய்வூதியப் பாக்கி யார் தலையில் என்பதையெல்லாம் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: படைகள் ஒன்றானால், பொதுக் கட்டுப்பாட்டு அறையில் போனை எடுப்பவருக்கு எங்கள் ஊரே தெரியாதே?

பதில்: நியாயமான பயம். 2015 ஜூலையில் ஸ்காட்லாந்தின் எம்9 நெடுஞ்சாலையோரம் ஒரு கார் சரிந்து கிடப்பதாகப் போலீசுக்குப் போன் வந்தது. எடுத்தவர் அதைக் கணினியில் ஏற்றவில்லை. ஏற்றாமல் விட்டதைக் காட்டிக்கொடுக்க வேறு ஏற்பாடும் இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் போனார்கள்; ஒருவர் இறந்து கிடந்தார், உயிரோடிருந்த இன்னொருவரும் பிறகு மருத்துவமனையில் இறந்தார். கட்டுப்பாட்டு அறைகளைச் சுருக்கிக்கொண்டிருந்த சமயம் அது.

எனவே பழைய அறையை உடனே மூடாதீர்கள். சில மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். தினமும் பதிவான அழைப்புகளையும் வந்த அழைப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'பழைய செக்போஸ்ட் வளைவு', 'ரெட்டைப் பாலம்' என்று மக்கள் வாயில் புழங்கும், வரைபடத்தில் இல்லாத பெயர்களை அந்தந்த ஊர்க் காவலர்களைக் கேட்டே கணினியில் ஏற்றுங்கள், அவர்கள் இடமாற்றத்தில் போவதற்குள்.