இனிமையான ஹெட்போனா, துல்லியமான ஹெட்போனா?

ஹட்டனில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: பாட்டு ரசிக்க மட்டும்தான், சென்ஹைசர் எச்.டி. 650 போதுமா, விலை கூடிய எச்.டி. 800 வாங்கவா என்று.

650தான் என்பேன். 2003இல் வந்தது. பேஸ், அதாவது கீழ் ஓசை, நிறைவாகவும் மேல் ஓசை கொஞ்சம் அடங்கியும் இருக்கும். குரல் பக்கத்திலேயே நிற்கும். 2009இல் வந்த 800இல் 6 கிலோஹெர்ட்ஸ் அளவில், அதாவது மேல் ஓசையில், ஓர் ஏற்றம் உண்டு. அதனால் பாடகரின் ‘ஸ’ கூராகும், பதிவின் குறையெல்லாம் முன்னுக்கு வரும்.

எங்கள் தோட்டத்துக் காமன்கூத்தில் போனில் பதிந்த தப்பு மேளத்தின் அடியை இரண்டிலும் கேட்டேன். 800இல் குச்சி தோலில் படும் ‘சடக்’, பின்னால் யாரோ இருமுவது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. அசந்துபோனேன். ஆனால் பத்து நிமிடத்தில் காது களைத்துவிட்டது. 650இல் நெருப்பில் காய்ச்சிய தோலின் அதிர்வு முழுசாக வந்தது. பதிவு முடியும்வரை கழற்றவே மனம் வரவில்லை. பதிவின் ஒலிகளைச் சமன்செய்து சேர்க்கும் மிக்ஸிங் வேலை செய்பவர் என்றால் சரி, 800ஐப் பார்க்கலாம்.

அப்புறம், இரண்டுமே ஓபன் பேக், காதுமூடியின் வெளிப்பக்கம் திறந்தது. தகரக் கூரையில் மழை கொட்டினால் அதுவும் சேர்ந்தே கேட்கும். இரண்டின் மின்தடையும் 300 ஓம், கூடுதல்தான். போனில் நேரே குத்தினால் சத்தம் பெரும்பாலும் போதாது. சத்தத்தைக் கூட்டும் சின்ன ஆம்ப் ஒன்றுக்கும் காசு ஒதுக்குங்கள்.