இணையவழி மேசை விளையாட்டுக்குப் பகடை: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: நாங்கள் பங்காளிகள் ஐந்து பேர், மூவர் சிங்கப்பூரில், இருவர் காரைக்குடியில். ஞாயிறு இரவுகளில் இணையம் வழியாக ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் பகடை விளையாட்டு) ஆடுகிறோம். பகடையைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் தனியே உருட்டி, விழுந்த எண்ணை வாட்ஸ்அப்பில் எழுதுவதால் கூட்டலில் தவறும் சச்சரவும் வருகின்றன. இத்தகைய ஆட்டங்களை இணையத்தில் ஆட உதவும் ரோல்20, ஃபவுண்ட்ரி என்ற மென்பொருள்கள் இரண்டில் எதை வாங்கலாம்? — வாசகர், காரைக்குடி

பதில்: பகடை ஓரிடத்திலும் கூட்டல் வேறிடத்திலும் நடப்பதே உங்கள் சச்சரவுக்குக் காரணம். தாயத்தில் இரண்டு கட்டைகளின் புள்ளிகளைக் கூட்டினால் முடிந்தது. உங்கள் ஆட்டத்திலோ இருபது முகப் பகடையின் எண்ணோடு பாத்திரத்தின் திறன் எண்ணையும் சேர்க்க வேண்டும், சில வேளை இருமுறை உருட்டிப் பெரியதை எடுக்கவும் வேண்டும். ஆகவே பாத்திரத் தாளில் (பாத்திரத்தின் திறன்களும் ஆயுதங்களும் எழுதிய பக்கம்) ஆயுதத்தின் பெயரைச் சொடுக்கியதும் பகடை உருண்டு, கூட்டுத்தொகை எல்லோர் திரையிலும் பதிவாகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது இரண்டிலும் உண்டு. ரோல்20-இன் இலவசக் கணக்கிலேயே உண்டு. ஆட்டத்தை நடத்துபவருக்கு மட்டும் தெரியும்படி மறைவாக உருட்டும் வசதியும் இரண்டிலும் இருக்கிறது.

திரையில் முப்பரிமாணத்தில் உருளும் பகடையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபவுண்ட்ரியில் அதற்கென உள்ள ‘டைஸ் சோ நைஸ்’ என்ற துணை நிரல் இலவசமே. எண்ணைக் கணினி முன்பே முடிவு செய்துவிடுகிறது, உருளல் அதற்கேற்ற காட்சி மட்டுமே. பழைய மடிக்கணினி திணறினால் அந்த ஒருவர் மட்டும் அதை அணைத்துக்கொள்ளலாம். (கட்டை தரையில் விழும் ஓசைக்குப் பழகிய எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும் என்பது வேறு.)

ஃபவுண்ட்ரியின் பட்டியல் விலை 50 டாலர். சந்தா இல்லை, ஒருமுறை கட்டினால் போதும். ஆட்டத்தை நடத்துபவர் மட்டும் வாங்க, மற்றவர்கள் உலாவி வழியாகச் சேரலாம். ஆனால் அவருடைய கணினி ஆட்டம் முடியும்வரை இயங்க வேண்டும். இல்லையெனில் மாத வாடகைக்குச் சர்வர் எடுக்க வேண்டும், அது தனிச் செலவு. மேலும் ஃபவுண்ட்ரி குறைந்தது 1366×768 அளவுத் திரையை எதிர்பார்ப்பதால், கைப்பேசியை நம்பி ஆடுபவருக்கு ஏற்றதன்று.

வாங்குவதானால் சிங்கப்பூரில் இருப்பவரே வாங்கட்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி நம் ஊர்ப் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வருகிறது. அதை நாமே திறந்தாலும், பல வங்கிகள் மாற்று விகிதத்துக்கு மேல் கட்டணம் பிடிக்கின்றன.

முதலில் ரோல்20-இன் இலவசக் கணக்கில் நான்கு ஞாயிறுகள் ஆடுங்கள். பகடையைத் தாண்டி வரைபடத்திலும் சுவர் மறைப்பிலும் (சுவருக்கு அப்பால் உள்ளதைப் பாத்திரத்தின் பார்வையிலிருந்து மறைப்பது) குறை தெரிந்தால் மட்டும் ஃபவுண்ட்ரிக்கு மாறலாம். அதுவரை எதற்கும் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம்.