வாகனக் கேள்வி பதில்: ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருக்கிறது?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஐந்து ஸ்டிக்கர் பற்றியவை. ஒரே இடத்தில் பதில் சொன்னால் எல்லோருக்கும் உதவும் என்று சேர்த்துத் தருகிறேன்.

கேள்வி: போன மாதம் வெள்ளை நிற வகன் ஆர் ஒன்று கைமாற்றாக வாங்கினேன். முந்திய சொந்தக்காரர் ஒரு கடைக்கு ஓட்டிய வாகனம். இரண்டு கதவிலும் பெரிய விளம்பரம், பின்கதவில் தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்தைப் பார்த்து இப்போதும் ஆட்கள் கடைக்கு அழைக்கிறார்களாம், அவர்களுக்கும் தொந்தரவு. பக்கத்து வீட்டு அண்ணா தின்னர் பூசினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்கிறார். பூசலாமா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: வேண்டாம். அண்ணா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் தின்னர் என்பது பெயின்ட்டைக் கரைப்பதற்காகவே செய்த சாமான், பசை எங்கே முடிகிறது பெயின்ட் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. கார் உடம்பில் இருக்கும் பெயின்ட் எல்லாப் படையும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன்தான், அதாவது ஒன்றிரண்டு தலைமுடியின் தடிப்பு. மேலே பளபளப்புத் தரும் படை அதில் பாதிகூட இல்லை. என்னுடைய முதல் காரின் பொனட்டை ஒரு கராஜில் தின்னர் துணியால் துடைத்தார்கள், ஸ்டிக்கர் போனது, கூடவே உள்ளங்கை அளவுக்கு மங்கலான ஒரு திட்டும் வந்தது, கடைசியில் முழுப் பொனட்டையும் திருப்பிப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

முதலில் உங்கள் கதவுகள் தொழிற்சாலைப் பெயின்ட்டா, இங்கே திருப்பி அடித்ததா என்று பாருங்கள். கொழும்பு நெரிசலில் பல வருடம் ஓடிய வாகனத்தில் ஒரு கதவாவது திருப்பி அடித்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கதவைத் திறந்து ஓரத்து ரப்பரைப் பாருங்கள். அதில் வெள்ளைத் தூவல் படிந்திருந்தால், அல்லது வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது பக்கத்துத் தகட்டோடு நிறம் ஒத்துப்போகாவிட்டால் அது திருப்பி அடித்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டிக்கரோடு பெயின்ட்டே தோலாக உரிந்து வரலாம், அதனால் அங்கே இன்னும் நிதானமாகப் போக வேண்டும்.

வேலையைக் காலையிலேயே நிழலில் செய்யுங்கள். மத்தியான வெயிலில் நின்ற தகட்டில் பூசுவதெல்லாம் உடனே காய்ந்துவிடும். கதவைச் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், தூசியோடு தேய்த்தால் ஸ்டிக்கர் போட்ட சேதத்தைவிட உங்கள் துணி போடும் கீறல்தான் அதிகமாக இருக்கும். அப்புறம் வீட்டில் தலைமுடி காய வைக்கும் ஹெயார் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே சூடாக்குங்கள். கை வைத்தால் நல்ல சூடு தெரிய வேண்டும், ஆனால் கையை எடுத்துவிடும் அளவுக்குச் சுடக்கூடாது. கராஜில் வைத்திருக்கும் ஹீட் கன் வேண்டாம், பழக்கமில்லாத கையில் அது பெயின்ட்டைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

ஒரு மூலையை நகத்தால் கிளப்புங்கள். நகம் போதாவிட்டால் காலாவதியான வங்கி அட்டை போதும், கத்தியோ பிளேடோ பெயின்ட் பக்கம் வரவே கூடாது. கிளம்பிய முனையை உங்களை நோக்கி நேராக இழுக்காமல், அதன் மேலேயே மடித்து, கதவோடு ஒட்டினாற்போல் பின்பக்கமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஸ்டிக்கருக்கும் கதவுக்கும் நடுவில் பசை மெல்லிய நூல்களாக நீண்டு, ஸ்டிக்கரோடேயே வந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் அந்த நூல்கள் அறுந்து பசை முழுவதும் கதவிலேயே தங்கிவிடும், பிறகு அதை எடுக்க இரண்டு மடங்கு நேரம் போகும். பழைய ஸ்டிக்கர் துண்டு துண்டாக உடைந்தால் அந்த இடத்தைத் திரும்பச் சூடாக்கித் தொடருங்கள். இடையில் பெயின்ட்டும் சேர்ந்து வருவதைக் கண்டால் அதோடு நிறுத்திவிட்டு பெயின்ட் அடிப்பவரிடம் கொண்டுபோங்கள்.

மிச்சமிருக்கும் பசைக்கு, கொஞ்சம் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து அதன் மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, ஒரே பக்கமாகத் துடையுங்கள். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் சரி. எதுவானாலும் முதலில் கதவின் உள்ஓரத்தில் கண்ணில் படாத இடத்தில் தொட்டுப் பாருங்கள், துணியில் வெள்ளை நிறம் ஏறினால் அது உங்கள் பெயின்ட்டுக்கு ஒத்துவராது. பெற்றோல், நெயில் பொலிஷ் அழிக்கும் திரவம் இரண்டும் தின்னரின் உறவுகள்தான், அவையும் வேண்டாம். மண்ணெண்ணெயை ரப்பர்ப் பட்டிகளில் படவிடாதீர்கள், அருகில் நெருப்பும் சிகரெட்டும் இருக்கக்கூடாது. முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு ஒரு தடவை வாக்ஸ் பூசிவிடுங்கள். நீங்கள் கடற்கரைப் பக்கம் இருப்பவர், அங்கே தகடு வரை இறங்கிய சின்னக் கீறல்கூட உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கேள்வி: எங்கள் காரின் முன்கண்ணாடியில் 2022 இல் ஒட்டிய எரிபொருள் கியூஆர் இன்னும் இருக்கிறது, பக்கத்திலேயே ஜப்பான் எழுத்தில் ஒரு சதுர ஸ்டிக்கர், பின்கண்ணாடியில் ஒரு வட்ட ஸ்டிக்கர், அதோடு மகளின் பழைய பாடசாலை ஸ்டிக்கரும். கண்ணாடிதானே, பிளேடால் சுரண்டலாமா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: முன்கண்ணாடியில் சுரண்டலாம் அம்மா, பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் கூடாது. பின்கண்ணாடியில் கிடையாக ஓடும் மெல்லிய கோடுகள் கண்ணாடியில் பதித்த மின்கடத்திகள், மழை நாளில் ஆவி படியாமல் காப்பவை. பிளேடு ஒரு கோட்டை வெட்டினால் அந்தக் கோடு முழுவதும் சூடாகாது. ஒக்டோபர் மழையில் காலி வீதியில் பின்னால் வரும் பஸ் தெரியாமல் ஓட்டும்போதுதான் அதன் அருமை புரியும். அங்கே ஹெயார் டிரையரும் நகமும்தான், இழுப்பதும் கோடுகளின் போக்கிலேயே. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியானால் அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டாம், அந்தத் தாளைக் கெடுத்துவிடும்.

கியூஆர் பெரும்பாலும் காகிதத்தில் அச்சிட்டது. எரிபொருளைப் பங்கிட்டுத் தந்த அந்த முறையை 2023 செப்டெம்பரில் நிறுத்தினார்கள் என்றாலும் உரிக்க முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் விடிய விடிய நின்ற நாட்களை நாங்கள் யாரும் மறக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தை முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள், அது நனைந்து எழுத்து அழிந்தால் வீதியில் பொலிஸாருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. டாஷ்போர்டில் ஒரு துவாய் விரியுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியைக் காகிதத்தின் மேல் ஒரு கால் மணி நேரம் ஒட்டி வைத்தால் ஊறிப்போய் வழித்தெடுக்கலாம். மிச்சத்துக்குப் புதிய பிளேடு, கண்ணாடி ஈரமாக இருக்க, தட்டையாகச் சாய்த்து, ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னும் பின்னும் அராவினால் நடுவில் சிக்கும் மணல் கண்ணாடியைக் கீறும். கொதிநீர் மட்டும் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடித்துவிடலாம்.

அந்தச் சதுர ஸ்டிக்கர் ஜப்பானில் வாகனப் பரிசோதனைக்குத் தந்தது, வட்டமானது தரிப்பிடம் உண்டு என்பதற்கான அத்தாட்சி. இரண்டும் இங்கே தேவையில்லை, எடுக்கலாம். ஆனால் ஓட்டுனர் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள், அங்கே டயர் காற்றழுத்தம் எழுதிய லேபல் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அதே இடத்தில் ஜப்பானில் ஒயில் மாற்றியபோது ஒட்டிய சின்ன ஸ்டிக்கரும் சிலவேளை இருக்கும். அதில் திகதியும் ஓடிய கிலோமீற்றரும் எழுதியிருப்பார்கள். உங்கள் மீற்றர் இன்று காட்டுவது அதைவிடக் குறைவாக இருந்தால் யாரோ மீற்றரைத் திருப்பியிருக்கிறார்கள். கைமாற்று வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெட்லைட்டில் ஒட்டிய கண் இமை ஸ்டிக்கரை எப்படி எடுப்பது?
(வாசகர், தெமட்டகொடை)

பதில்: மிதமான சூடும் தேங்காய் எண்ணெயும் போதும். இன்றைய ஹெட்லைட் மூடி கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். தின்னரோ பெற்றோலோ பட்டால் சிலந்தி வலை போல உள்ளே வெடிப்பு விழும், அதைத் திருத்த முடியாது.

கேள்வி: சிவப்பு நிறக் காரில் ஸ்டிக்கரை ஒழுங்காக எடுத்தேன், பசையும் இல்லை. ஆனால் எழுத்துகளின் வடிவம் அப்படியே தெரிகிறது. என்ன பிழை செய்தேன்?
(வாசகர், தெஹிவளை)

பதில்: நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த பெயின்ட் வெயில் காணாமல் புதிதாகவே இருக்கிறது, சுற்றியிருப்பது வருடக்கணக்காக வெளுத்துவிட்டது. சிவப்பில் இது அதிகமாகத் தெரியும். கட் அண்ட் பொலிஷ், அதாவது மேற்படையை லேசாகத் தேய்த்து மெருகேற்றும் வேலை, செய்தால் வெளுத்த மேற்படை கொஞ்சம் சீராகி வித்தியாசம் குறையும், முழுதாகப் போகும் என்று யாராவது உறுதி தந்தால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு பொலிஷும் அந்த மெல்லிய படையைத் தேய்க்கிறது என்பதால் ஒரு தடவை நல்ல கையிடம் கொடுத்துச் செய்துவிட்டு விடுங்கள், மிச்சத்தை வெயில் மெல்ல மெல்லச் சரிசெய்யும். விரலால் தடவும்போது எழுத்தின் ஓரம் தட்டுப்பட்டால் அது வேறு விஷயம், ஸ்டிக்கரைச் சுற்றிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதற்குத் திருப்பி அடிப்பதுதான் வழி.

கேள்வி: அப்பா போன வருடம் காலமானார். அவருடைய காரை விற்கப் போகிறோம். கதிர்காமத்தில் வாங்கிப் பின்கதவில் அவர் கையாலேயே ஒட்டிய வேல் ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. கிழியாமல் எடுக்க முடியுமா?
(வாசகி, மட்டக்குளி)

பதில்: முயற்சி செய்யலாம் தங்கச்சி, ஆனால் உரிக்கத் தொடங்க முன் நல்ல வெளிச்சத்தில், அது ஒட்டியிருக்கும் இடத்தோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். வெயிலில் காய்ந்த ஸ்டிக்கர் கண்ணாடித் தாள் போல உடையக்கூடும், அப்போது அந்தப் படமாவது கையில் இருக்கும்.

தகட்டையும் ஸ்டிக்கரையும் ஹெயார் டிரையரால் மெல்லச் சூடாக்கி, ஒரு மூலை கிளம்பியதும் இழுக்காதீர்கள். மீன்பிடிக் கடையில் மெல்லிய தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) வாங்கி, இரண்டு முனையையும் விரல்களில் சுற்றி இறுக்கிப் பிடித்து, ஸ்டிக்கருக்கும் கதவுக்கும் நடுவில் மரம் அறுப்பது போல மிக மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். தங்கூசி பசையை அறுக்கும், ஸ்டிக்கர் இழுபடாது. ஒருவர் சூடு காட்ட ஒருவர் அறுக்க வேண்டும், தனியாகச் செய்ய வேண்டாம். எண்ணெய் எதுவும் பூசாதீர்கள், நிறம் ஊறிவிடும். வேலின் நுனி ஒடுங்கிய இடம், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் கேக் தட்டில் போடும் எண்ணெய்த் தாளில் பசைப்பக்கம் கீழே இருக்க வையுங்கள். புதிய வாகனத்தில் திரும்ப ஒட்ட நினைக்காதீர்கள், அந்தப் பசைக்கு இனிப் பிடிமானம் இருக்காது, முதல் மழையிலேயே எங்காவது விழுந்துவிடும். ஒரு வெள்ளை மட்டையில் பதித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.